அலுவலக மருத்துவக் காப்பீடு: படிவத்தை நிரப்பும்போது செய்யும் தவறுகள்

அலுவலகத்திலிருந்து காப்பீட்டுப் படிவம் வந்ததும் பலர் இரண்டு எண்களை மட்டுமே பார்க்கிறார்கள்: சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம், மொத்தக் காப்பீட்டுத் தொகை. மருத்துவமனையில் கைக்காசு எவ்வளவு போகும் என்பது இவற்றிலிருந்து தெரியாது. அதற்கு டிடக்டிபிளையும் கோ-பேயையும் பார்க்க வேண்டும்.

டிடக்டிபிள் என்பது காப்பீடு தொடங்குவதற்கு முன் நாம் கட்டும் தொகை. கோ-பே, அதற்கு மேல் வரும் செலவில் நம் பங்கு. பில் 1,00,000, டிடக்டிபிள் 10,000, கோ-பே 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 10,000, பிறகு மீதி 90,000-இல் 18,000. ஆக, 28,000 நம் பொறுப்பு. இவை இரண்டும் இல்லாத திட்டத்தைவிட ஆண்டுக்கு 6,000 குறைவு என்று இதை எடுத்திருந்தால், ஒரே முறை படுத்ததில் நாலரை ஆண்டு மிச்சத்துக்கும் மேல் போய்விடும். டிடக்டிபிள் அளவுக்குக் கையில் ரொக்கம் எப்போதும் இருப்பவருக்கு மட்டுமே அந்தத் திட்டம் ஒத்துவரும்.

அறை வாடகை வரம்பைக் கவனிக்காமல் விடுவது இன்னும் பெரிய அடி. விகிதாசாரக் கழிவு விதி உள்ள பாலிசிகளில், நாள் வாடகை வரம்பு 5,000 இருக்க 8,000 வாடகை அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தோடு விஷயம் முடியாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு போன்றவையும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். அந்த இனங்களில் 2,00,000 ஆகியிருந்தால் 75,000 நம் தலையில். எனவே அட்மிஷன் போடும்போதே வரம்புக்குள் வரும் அறையைக் கேளுங்கள்.

குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகை என்றால் அது எல்லோருக்கும் பொதுவானது. வயதான பெற்றோரையும் அதில் சேர்த்தால், ஒருவர் சிகிச்சையிலேயே ஆண்டுத் தொகை தீர்ந்துபோகலாம். அவர்களுக்குத் தனி பாலிசி எடுக்க முடியுமா என்று பாருங்கள். கணவன், மனைவி இருவருக்கும் அலுவலகக் காப்பீடு இருந்தாலும் ஒரே பில்லுக்கு இரண்டு மடங்கு பணம் வராது. ஒன்று கொடுத்தது போக மீதியை மற்றதில் கேட்கலாம், அவ்வளவுதான்.

ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்தைப் படிவத்தில் மறைக்கவே கூடாது. பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், கிளெய்மை நிராகரிக்க. மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் (பாலிசியில் சேர்ந்தபின் அந்தச் செலவு கிடைக்காத காலம்) உண்டா என்பதைத் திட்டமிடும்போதே கேட்டுவிடுங்கள். திருமணமானாலும் குழந்தை பிறந்தாலும் பெயர் சேர்க்கக் குறுகிய அவகாசமே தருவார்கள், பல திட்டங்களில் 30 நாட்கள். தவறினால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளின் பட்டியலில், அதாவது நெட்வொர்க் பட்டியலில், மருத்துவமனை பெயர் இருந்தால் போதாது. உங்கள் திட்டத்துக்கு அங்கே கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி) உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வேலையை விடுபவர்கள் பலர் கடைசியில்தான் காப்பீட்டை நினைக்கிறார்கள். அது எந்தத் தேதியோடு முடிகிறது, தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.