புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல், கணிதம், ஆங்கில இலக்கியம் மீட்டும் முறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்நேரங்களில் அயல் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்து படிப்பார்கள். போன கிழமை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, விஞ்ஞானப் புத்தகத்த மூண்டு தரம் வாசிச்சிட்டன். பேப்பர எடுத்தா ஒண்டும் வருதில்ல. ஏன்?"

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஹைலைட்டர். நானும் அவள் வயதில் இதைத்தான் செய்தேன், அதனால் ஏச மனம் வரவில்லை. பஸ் ஸ்ராண்டில் தெரிந்த முகம் ஒன்றைக் காண்போம், பெயர் மட்டும் வாயில் வராது. திரும்பத் திரும்ப வாசிப்பதால் கிடைப்பது அந்த முகப்பழக்கம்தான். பரீட்சையோ பெயரைக் கேட்கிறது.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதல்முறையாகத் தனியே மீட்டல் செய்யப்போகிற பிள்ளைகளுக்கானது இது.

படி 1: முதலில் ஒரு பாஸ் பேப்பர்

எல்லாம் படித்து முடித்த பிறகு பேப்பர் செய்யலாம் என்று வைத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு கடந்தகால வினாத்தாளை எடுங்கள், மணிக்கூட்டை வையுங்கள், தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். புள்ளி குறைவாக வரும். வரட்டும்.

பிறகு புள்ளித்திட்டத்தோடு நீங்களே திருத்துங்கள். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் 'தெ' அல்லது 'க' என்று எழுதுங்கள். 'தெ' என்றால் விஷயமே தெரியாது. 'க' என்றால் தெரியும், கைதவறிவிட்டது. 'தெ' உள்ளவற்றுக்குப் பாடப்புத்தகம் வேண்டும். 'க' உள்ளவற்றுக்குப் புத்தகம் உதவாது, பயிற்சிதான் உதவும். இரண்டையும் பிரிக்காமல் படிப்பதால்தான் தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து நாள் போகிறது.

இதற்கென்று ஒரு கொப்பி போடுங்கள். பிழைக் கொப்பி என்று பெயர் வையுங்கள். அழகான நோட்ஸ் எழுதுகிற கொப்பியை விட இது பிரயோசனமானது.

படி 2: நாளைப் பிரிப்பது

1885இல் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். படித்த முதல் சில மணித்தியாலங்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன் பிறகு மறதி மெதுவாகிறது. ஆகவே ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு மணித்தியாலம் உருட்டுவதை விட, இன்று ஒரு மணித்தியாலம், நாளை அரை மணித்தியாலம், அடுத்த கிழமை இன்னொரு அரை மணித்தியாலம் என்று பிரியுங்கள். அட்டவணைக்குக் கலர் அடிக்க ஒரு பின்நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படி 3: கணிதம், கையால் மட்டும்

கணிதத்தை வாசிக்க முடியாது. ரியூசனில் செய்து காட்டிய கணக்கைப் பார்த்து 'ஓம், விளங்குது' என்று தலையாட்டுவது ஆபத்து. விடையை மறைத்துவிட்டு, அதே கணக்கை வெற்றுத்தாளில் முதலிலிருந்து செய்யுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது.

ஒரு உதாரணம். 15 சதவீதக் கழிவு கொடுத்த பிறகு ஒரு சேலை 3,400 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. குறித்த விலை என்ன? விறாந்தையில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் 3,400இன் 15 சதவீதத்தைக் கண்டு, கூட்டி, 3,910 என்றார்கள். கழிவு கொடுத்தது குறித்த விலையில், விற்ற விலையில் அல்ல. 3,400 என்பது குறித்த விலையின் 85 சதவீதம். எனவே 3,400ஐ 85ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். விடை 4,000. சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்: 4,000இன் 15 சதவீதம் 600, கழித்தால் 3,400. அந்தச் சரிபார்த்தலையும் பிழைக் கொப்பியில் எழுதுங்கள். வகுத்தல், பெருக்கல் எதற்கும் போன் கல்குலேட்டரைத் தொடாதீர்கள்.

கேத்திர கணித நிறுவல்களில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். 'சமாந்தரக் கோடுகளின் ஒன்றுவிட்ட கோணங்கள்' என்று எழுதச் சோம்பி விட்டால் புள்ளி போகும். தேற்றங்களைப் படத்தோடு சேர்த்து எழுதிப் பாருங்கள், வசனமாக மட்டும் பாடமாக்க வேண்டாம்.

இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம், 10 கேள்வி. ஒன்றுக்கு 18 நிமிடம் வருகிறது. வீட்டில் 15 நிமிடத்தில் முடிக்கப் பழகினால் கடைசியில் அரை மணித்தியாலம் மிஞ்சும்.

படி 4: பௌதிகவியல், படம் முதலில் சூத்திரம் பிறகு

விஞ்ஞானப் பாடத்தின் பௌதிகவியல் பகுதிதான் அதிகம் பேரைப் பயமுறுத்துகிறது. கேள்வியைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடுவதே காரணம் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு படம் கீறுங்கள், விசைகளுக்கு அம்புக்குறி போடுங்கள், தெரிந்த எண்களை அலகோடு எழுதுங்கள். சூத்திரம் தானாக வரும்.

கோணேசர் கோயிலுக்குப் போகாத பிள்ளை திருகோணமலையில் இருக்க முடியாது. அங்கே பாறையில் இருக்கும் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்திலிருந்து ஒரு கல்லை விடுவதாக வைத்துக்கொள்வோம் (மனதுக்குள் மட்டும், கீழே வள்ளம் போகும்). கணக்குக்கு வசதியாக உயரம் 80 மீற்றர் என்று எடுப்போம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10, வளித்தடை இல்லை. ஒவ்வொரு செக்கனும் வேகம் 10ஆல் கூடும். வேக-நேர வரைபைக் கீறினால் பூச்சியத்தில் தொடங்கி ஏறும் ஒரு நேர்கோடு வரும். 4 செக்கனில் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர். கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு, 4இன் பாதியை 40ஆல் பெருக்க, 80. அதுவே விழுந்த தூரம்.

இப்போது கேள்வி: 2 செக்கனில் கல் எங்கே நிற்கும்? நடுவில் என்று சொல்லத்தான் வாய் வரும். சின்ன முக்கோணத்தைப் பாருங்கள். 2இன் பாதியை 20ஆல் பெருக்கினால் 20 மீற்றர். பாதி நேரத்தில் கால்வாசித் தூரம்தான். இதை ஒருமுறை கீறிப் பார்த்தவர் மறக்கமாட்டார். அந்தக் கோட்டின் படித்திறன், அதாவது சரிவு, 10. அதுதான் ஆர்முடுகல். கணித ரீச்சர் சொல்லும் படித்திறனும் விஞ்ஞான ரீச்சர் சொல்லும் படித்திறனும் ஒன்றே என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது.

அடுத்தது மேலுதைப்பு, அதாவது நீர் ஒரு பொருளை மேலே தள்ளும் விசை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. ஆட்கள், எஞ்சின் எல்லாம் சேர்த்து 2,050 கிலோகிராம் திணிவுள்ள ஒரு வள்ளம் ஆற்றிலிருந்து கடலுக்கு வருகிறது. எங்கே மேலுதைப்புக் கூட? 'கடலில், ஏனென்றால் உப்புநீரின் அடர்த்தி கூட' என்று எழுதினால் பிழை. வள்ளம் இரண்டு இடத்திலும் மிதக்கிறது. மிதக்கும்போது மேலுதைப்பு வள்ளத்தின் நிறைக்குச் சமன், 2,050ஐ 10ஆல் பெருக்க, இரண்டு இடத்திலும் 20,500 நியூற்றன். மாறுவது இடம்பெயரும் நீரின் கனவளவு. ஆற்றுநீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிராம், ஆகவே 2.05 கனமீற்றர். கடல்நீருக்குச் சுமார் 1,025, ஆகவே 2 கனமீற்றர். அதனால்தான் கடலில் வள்ளம் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. மேலுதைப்பு வேறு, உயர்ந்து நிற்பது வேறு என்று பிழைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மணிக்குக் கிலோமீற்றரில் தந்தால் முதலில் 3.6ஆல் வகுங்கள். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றரில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் 39.6 செக்கன். அலகை மாற்றாமல் 396ஐ 36ஆல் வகுத்தவருக்கு 11 வரும். 11 செக்கனில் அந்தப் பாலத்தைக் கடந்து பாருங்கள்!

படி 5: ஆங்கில இலக்கியம், கதை சொல்ல வேண்டாம்

தமிழ் மொழிமூலத்தில் படிப்பவர்களில் இந்தப் பாடத்தை எடுப்பவர் கொஞ்சம். எடுத்தவர்களும் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே கக்குகிறார்கள். மாதிரிப் பரீட்சை ஒன்றில் நான் நாடகக் கேள்விக்கு ஐந்து பக்கம் எழுதினேன். கீழே சிவப்புப் பேனையில் ஒரே வரி: 'கதை எனக்கும் தெரியும்'. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு விளங்கியது, கேட்டது பாத்திரத்தைப் பற்றிய என் கருத்தை, நான் எழுதியது கதைச்சுருக்கம்.

கவிதையை எப்படி மீட்டுவது? ஆங்கிலக் கவிஞர் ரெனிசனின் 'த ஈகிள்' (கழுகு) கவிதையை எடுப்போம். 1851இல் வந்தது, ஆறே வரி. உயர்ந்த பாறையில் தனியே நிற்கும் கழுகு, கீழே கடல், கடைசியில் இடிபோல் விழுகிறது. நாலாம் வரியில் கடலை 'ரிங்கிள்ட்' என்கிறார், அது 'கிறோல்ஸ்' என்கிறார். சுருக்கம் விழுந்த கடல் ஊர்கிறது. டச்சுக்குடாக் கரையில் நின்று பார்த்தால் எந்த அலையும் ஊராது, பாய்ந்து வரும். ஆனால் கோணேசர் மலையிலிருந்து பார்த்தால்? அலைகள் தோல் சுருக்கம் போல மெல்லிய கோடுகள், மெதுவாக நகரும். கழுகு சூரியனுக்குக் கிட்ட நிற்கிறது என்று கவிஞர் இரண்டாம் வரியில் சொல்கிறார், ஆனால் உயரத்தை அளவாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லும் அந்த உயரத்தை நமக்குக் காட்டுகின்றன. பரீட்சைக்கு எழுத வேண்டியது இதைத்தான்: எந்தச் சொல், அது காட்டும் படம், அதனால் நமக்கு என்ன தோன்றுகிறது. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு மூன்று சின்ன ஆங்கில வசனமாக எழுதுங்கள். நீண்ட வசனம் எழுதப்போய் இலக்கணம் முறிவதை விட இது மேல்.

'கிளாஸ்ப்ஸ்', 'கிறாக்', 'குறூக்கெட்' என்று ஒரே ஒலியில் தொடங்குவது தமிழ் வகுப்பில் படித்த மோனை. வரிக்கடைசியில் 'ஹாண்ட்ஸ்', 'லாண்ட்ஸ்', 'ஸ்ராண்ட்ஸ்' என்று ஒத்து வருவது இயைபு. கழுகுக்குக் கால் நகம் என்று சொல்லாமல் கை என்று சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். பெயரை மட்டும் குறித்துவிட்டுப் போகாதீர்கள், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரு வசனமாவது வேண்டும்.

நாவலுக்கும் நாடகத்துக்கும் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் நாலைந்து சொல்லுக்கு மேற்படாத மூன்று மேற்கோள். நீளமான மேற்கோள் பரீட்சையன்று பாதியில் மறந்துவிடும். யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 6: கடைசி இரவு

புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். பிழைக் கொப்பியை மட்டும் ஒருமுறை பாருங்கள், 'க' போட்ட பக்கங்களை முதலில். பத்து மணிக்குப் படுங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, அடிமட்டம் எல்லாவற்றையும் இரவே எடுத்து வையுங்கள். கவராயத்தின் திருகை இறுக்கி, ஒரு வட்டம் கீறிப் பாருங்கள். தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேராவிட்டால், பக்கத்து வீட்டில் வேறொன்று கேட்க இன்னும் நேரம் இருக்கும்.