மூச்சுத் தசைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டுகிறது, அதனால் மூச்சுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள் பாருங்கள், இருப்பதிலேயே ஆபத்தான தவறு அதுதான். ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்), டுஷேன் தசைச் சிதைவு மாதிரி நோய்களில் தொடக்கத்தில் நுரையீரலில் பெரிய கோளாறு இருக்காது, அதை இயக்கும் தசைகள்தான் தளர்கின்றன. ஆக்சிஜன் அளவு வெகுநாள் சரியாகவே இருக்கும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்கத் தொடங்கிவிடும், அதுவும் முதலில் தூக்கத்தில். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியை உட்கார்ந்தபடி மட்டும் எடுத்து முடித்துவிடுவது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் பலவீனமானால் படுக்கும்போதுதான் வெளிப்படும், ஏனென்றால் அப்போது வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் மேலே தள்ளுகிறது, உட்கார்ந்திருக்கும்போது கிடைத்த புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது. ஆரோக்கியமானவருக்குப் படுத்தால் வைட்டல் கெபாசிட்டி, அதாவது முழுக்க இழுத்து முழுக்க வெளியே விடும் காற்றின் அளவு, பொதுவாக 10 சதவீதத்துக்குள்தான் குறையும். 30 சதவீதம் குறைந்தால் உதரவிதானத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். படுக்கவே முடியாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, படுக்க முடியவில்லை என்பதே ஒரு முக்கியமான தகவல்.

வாயால் முழு பலத்தோடு உறிஞ்சியும் ஊதியும் அழுத்தத்தை அளக்கும் சோதனையில் குறைந்த எண் வந்தவுடனே தசை போய்விட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. உதடு சரியாக மூடாமல் காற்று கசிந்திருக்கலாம், முகத் தசை தளர்ந்தவர்களுக்கு இது நிறையவே நடக்கும். சோதனை செய்பவர் சத்தமாக ஊக்கப்படுத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது நோயாளி மூச்சை முழுக்க வெளியே விடாமலே உறிஞ்சத் தொடங்கியிருக்கலாம். நல்ல எண் வந்தால் நம்பலாம், ஏமாற்றி நல்ல எண் வாங்குவது கடினம். மோசமான எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். குறைந்தது மூன்று முறையாவது, ஒன்றுக்கொன்று நெருக்கமான அளவுகள் வரும்வரை, நடுவில் ஓய்வு கொடுத்துச் செய்ய வேண்டும். வாய் ஒத்துழைக்காவிட்டால் மூக்கால் சட்டென்று உறிஞ்சும் ஸ்நிப் சோதனை இருக்கிறது, ஆனால் மூக்கடைப்பு இருக்கும் நாளில் அதுவும் குறைத்துத்தான் காட்டும்.

முதுகு வளைந்தவருக்கு உயரத்தை அப்படியே அளந்து கணக்குப் போட்டால், அந்த உயரத்துக்கு இவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அளவே குறைந்துவிடும், மூச்சும் உண்மையைவிட நன்றாக இருப்பதாகத் தெரியும். கைகளை விரித்து அளக்கும் நீளத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போகாமல் தசை சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) என்றால் மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள், எண் அதைப் பொறுத்தே மாறும்.

இருமலை அளக்க மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களில் இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் ஒரு சாதாரண ஜலதோஷமே சிக்கலாகலாம், 160க்குக் கீழே என்றால் சளியைத் தானாக வெளியேற்றவே சிரமம்.

அப்புறம், ஆக்சிஜன் குறைந்ததும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டுப் போவது. அது கார்பன் டை ஆக்சைடை இன்னும் ஏற்றிவிடலாம், எண் மட்டும் அழகாகத் தெரியும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பார்த்தீர்களா, மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை தரும் கருவி வேண்டுமா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.