முகத்தில் தோல் புற்றுநோய் அறுவை: தழும்புக்குப் பயந்து செய்யும் தவறுகள்

அம்மாவின் மூக்குத்திக்குக் கீழே மிளகு அளவில் ஒரு கருப்பு மேடு இருந்தது. ஓரம் முத்துப்போல மினுங்கும். நடுவில் பொருக்குக் கட்டும், முகம் துடைத்தால் துண்டில் ஒரு பொட்டு ரத்தம் ஒட்டும், ஒரு வாரத்தில் ஆறும், மறுபடி பொருக்குக் கட்டும். கவரிங் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தங்க மூக்குத்திக்கு மாற்றினோம். இப்படியே ஒன்றரை வருடம் போனது. பயாப்ஸி எடுத்த பிறகுதான் அது பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது.

வலிக்காத புண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. முதல் தவறு அதுதான். நம் நிறத் தோலில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் கருப்பாக வருவதால் மச்சம், மரு என்று விட்டுவிடுகிறோம். உடம்பின் வேறு இடங்களுக்கு இது பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். சுண்ணாம்பு வைப்பது, முடியால் இறுக்கிக் கட்டுவது, பார்லரில் கருக்குவது எல்லாம் மேல்தோலை மட்டும் ஆற்றும், அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கும். முகத்தில் ஒரு புண் நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால், ஆறி ஆறித் திரும்ப வருகிறது என்றால், தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த தவறை நானே செய்தேன். "கொஞ்சம் சின்னதா வெட்டுங்க டாக்டர், முகமாச்சே" என்று கேட்டேன். அவர் பேனாவால் மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதற்கு வெளியே, தெளிவான ஓரமுள்ள சின்னக் கட்டிக்கே 4 மில்லிமீட்டர் தள்ளி, இன்னொரு வட்டம். கண்ணுக்குத் தெரியாத வேர் அந்த இடைவெளியில்தான் இருக்கும் என்றார். தழும்பைக் குறைக்கச் சொல்லி ஓரத்தில் நோயை விட்டுவைத்தால், அடுத்த முறை வெட்டுவது இதைவிடப் பெரிதாகிவிடும்.

மூக்கு, கண்ணோரம், காது, உதடு ஆகிய இடங்களில் நல்ல தோலை வீணாக்காமல் எடுக்க மோஸ் அறுவை உண்டு. அமெரிக்காவில் பிரெடெரிக் மோஸ் 1930களில் தொடங்கிய முறை. ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து உடனே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மிச்சம் இருக்கும் பக்கத்தில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். நம் பக்கம் எல்லா ஊரிலும் இது இல்லை. எந்த முறையில் எடுத்தாலும் சரி, எடுத்த சதையின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று ரிப்போர்ட்டை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. 'மார்ஜின்' என்ற இடத்தில் ஓரம் சுத்தம் என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டர் சொன்னால் மட்டும்தான். பீடி, சிகரெட்டை அறுவைக்கு முன்னரே விட்டுவிட வேண்டும். வெட்டிய பள்ளத்தை மூட ஒட்டிய தோலுக்கு ரத்தம் போய்ச் சேராமல் அது கருகிவிடப் புகையும் ஒரு முக்கியக் காரணம்.

மூக்கில் பெரிய பள்ளம் என்றால் நெற்றித் தோலை இறக்கி மூடுவார்கள். இது நம் நாட்டு முறை. புனே அருகே காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு இப்படி மூக்கு அமைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே ஒரு தோல் பாலம் சுமார் 3 வாரம் அப்படியே இருக்கும், அப்புறம்தான் வெட்டி விடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டுப் பிரிக்கும் நாளில் பதறிப்போவார்கள்.

அம்மாவுக்குக் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது ஊதா கலந்த கருப்பாக இருந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "அழுகிப்போச்சுடி" என்று அழுதார். ஒட்டுத்தோல் முதலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ரத்த ஓட்டம் வர வர நிறம் மாறும் என்று நர்ஸ் சொன்ன பிறகே சமாதானமானார். அந்த நேரத்தில் பொருக்கைச் சுரண்டுவதும் மஞ்சள் பூசுவதும்தான் கெடுதல். புண் காய வேண்டும் என்று நினைப்பதும் தவறு. டாக்டர் சொன்னபடி வாசலின் தடவி ஈரப்பதமாக வைத்தால் சீக்கிரம் ஆறும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 15 முதல் 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீக்கம் இரண்டு, மூன்று நாளில் கூடும், கண்கூட மூடிக்கொள்ளலாம். தலையை உயர்த்திப் படுப்பது உதவும். குனிந்து குடம் தூக்கக் கூடாது.

எங்கள் பெரியம்மா முட்டை, பருப்பு எதையும் கொடுக்க விடவில்லை. "சீழ் பிடிக்கும்" என்றார். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல. புண் கூடுவதற்குப் புரதம்தான் வேண்டும். நான்காம் நாள் டாக்டரையே போனில் பேச வைத்து, அப்புறம்தான் அம்மாவின் தட்டில் முட்டை வந்தது.

தழும்பு அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். மூன்றாம் மாதச் சிவப்பைப் பார்த்துவிட்டு மெடிக்கலில் கிடைக்கும் க்ரீமை எல்லாம் வாங்கிப் பூச வேண்டாம். வெயிலுக்குக் குடையும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனும் தேவை. வெயில் பட்டால் புதுத்தோல் கருத்துவிடும். ஒரு முறை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக வர வாய்ப்பு அதிகம் என்பதால் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறார். டாக்டர் முதலில் மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறார். அது இப்போது வலது பக்கம் இருக்கிறது.