ஒரே தளம், மூன்று கணக்கு

நம் இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தால், கூகுள் அனலிடிக்ஸில் ஓர் எண், கூகுளின் சர்ச் கன்சோலில் இன்னொன்று, ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸில் அதைவிடப் பெரிதாக வேறொன்று. எதை நம்புவது? மூன்றும் பொய் சொல்லவில்லை, எண்ணும் பொருள்தான் வேறு.

ஏடபிள்யூஸ்டாட்ஸ், தளம் இருக்கும் சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவுகளைப் படிக்கிறது. மனிதரைப் போல வேடம் போட்டு வரும் பாட்களும் (தானாக இயங்கும் நிரல்கள்) அதில் நுழைந்துவிடும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் குதூகலித்தவன்தான். அனலிடிக்ஸ் நம்பியிருப்பது இணையப் பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை. விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் பலர் அதில் சிக்கமாட்டார்கள். சர்ச் கன்சோலோ கூகுள் தேடல் போன்றவை வழியாக வந்த கிளிக்குகளை மட்டும் எண்ணும். வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டி வந்தவரை அதற்குத் தெரியாது.

அதனால் ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு மோதவிடாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே போன மாதத்தையும் இந்த மாதத்தையும் பாருங்கள்.

அப்புறம், ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எக்ஸ்ப்ளோரேஷன் எனப்படும், நாமே அமைத்துப் பார்க்கும் அறிக்கைகளுக்கான பயனர் தரவு, நாம் எதையும் மாற்றாவிட்டால், 2 மாதம்தான் தங்கும். அட்மின் பகுதியில் டேட்டா ரிடென்ஷனுக்கு (தரவு தங்கும் காலம்) போய் 14 மாதம் என்று மாற்றிவிடுங்கள். அழிந்தது திரும்பி வராது.