அமெரிக்க வாடகை வீட்டில் உணர்வுத் துணை விலங்கு: உரிமையும் ஆவணமும்

அமெரிக்காவில் குடியிருக்கும் வீட்டின் லீஸில் "செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்ற வரி இருந்தாலும், மனநலக் காரணத்திற்காக ஒருவருக்குத் தேவைப்படும் நாயையோ பூனையையோ, அதாவது உணர்வுத் துணை விலங்கை, உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது. இந்த உரிமைக்கு ஆதாரமாக நிற்பவை இரண்டே தாள்கள்: சிகிச்சை அளிப்பவர் உங்கள் நிலையை அறிந்து எழுதித் தரும் கடிதம், நீங்கள் தேதியிட்டு அனுப்பும் எழுத்து வேண்டுகோள். இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, நாய்க்குப் போட்டுவிடும் சிவப்பு மேலங்கி ஆகிய எதற்கும் இதில் தனி மதிப்புக் கிடையாது. அவற்றை நம்பிப் பணத்தையும், அதைவிட முக்கியமாக வீட்டு உரிமையாளரிடம் உள்ள நம்பகத்தன்மையையும் இழப்பவர்கள் நம்மவர்களிலும் இருப்பதால், முறையான வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தின் அடிப்படை

1968-ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் ஆக்ட் என்ற கூட்டாட்சிச் சட்டம், 1988-இல் திருத்தப்பட்டபோது, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்களையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அத்தகைய ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் வீட்டைப் பயன்படுத்தி வாழ ஒரு விதியைத் தளர்த்த வேண்டியிருந்தால், வீட்டு உரிமையாளர் நியாயமான அளவில் அதைத் தளர்த்தியாக வேண்டும். ஆங்கிலத்தில் இதை ரீசனபிள் அக்காமடேஷன் என்கிறார்கள். உங்கள் வேண்டுகோளில் இந்தச் சொற்றொடரே இடம்பெறட்டும், ஏனெனில் மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் இருப்பவருக்கு இது செல்லப் பிராணி விண்ணப்பம் அல்ல என்பது அதைப் பார்த்தவுடன் புரிந்துவிடும்.

குறைபாடு என்று சட்டம் சொல்வது, தூக்கம், கவனம், பிறருடன் பழகுதல், வேலை போன்ற முக்கியமான வாழ்க்கைச் செயல்களில் ஒன்றையேனும் கணிசமாகக் கட்டுப்படுத்தும் நிலையை. கடும் மனச்சோர்வு, பதற்ற நோய், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் போன்றவை இதில் அடங்கக்கூடும். ஊரை விட்டு வந்த ஏக்கமோ, தனிமையில் ஒரு நாய்க்குட்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையோ மட்டும் இதில் சேராது. அந்த ஆசையில் தவறில்லை. அதற்குச் செல்லப் பிராணியை அனுமதிக்கும் வீட்டைத் தேடுவதே நேர்மையான வழி.

பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது போன்ற வேலைக்குப் பயிற்சி பெற்ற சேவை நாய்க்கும் உணர்வுத் துணை விலங்குக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். உணர்வுத் துணை விலங்குக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. அது உடன் இருப்பதே நோயாளிக்கு உதவுகிறது என்பதுதான் அடிப்படை. ஆனால் அதன் உரிமை வீட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உணவகம், கடை போன்ற பொது இடங்களுக்குப் பொருந்தும் ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டத்தின்கீழ் அதற்கு நுழைவுரிமை இல்லை. 2021 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்த போக்குவரத்துத் துறை விதிகளின்படி, விமான நிறுவனங்களும் அதைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. வீட்டுக்காகப் பெற்ற கடிதத்தை விமான நிலையத்தில் நீட்டி ஏமாற வேண்டாம்.

விசாவில் இருப்பவர்கள் பலருக்கு இந்த உரிமை தமக்கு உண்டா என்ற தயக்கம் இருக்கிறது. இச்சட்டம் குடியுரிமையை நிபந்தனையாக வைக்கவில்லை. அதன் வாசகம் குடிமகனைக் குறிக்காமல் மனிதரைக் குறிக்கிறது.

உங்கள் வீடு இதற்குள் வருகிறதா

பெரும்பாலான அபார்ட்மென்ட்டுகளும், வாடகைக்கு விடப்படும் காண்டோக்களும் (தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குமாடி வீடுகள்), வீட்டு உரிமையாளர் சங்கங்களும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. உரிமையாளரே ஒரு பகுதியில் குடியிருக்கும் நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்துக்கும், மூன்று வீடுகளுக்கு மேல் சொந்தமில்லாத ஒருவர் தரகர் இல்லாமல் நேரடியாக வாடகைக்கு விடும் தனி வீட்டுக்கும் விலக்கு உண்டு. நம்மவர் ஒருவரின் வீட்டு மாடியறையில் குடியிருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் சில மாநிலங்களின் சொந்தச் சட்டம் இதைவிட அகலமானது என்பதால், கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்றவுடன் முயற்சியைக் கைவிட்டுவிட வேண்டாம்.

மாணவர் விடுதிகளும் இதில் அடங்கும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்துக்கு எதிரான வழக்கில், மாணவர் குடியிருப்புக்கும் ஃபேர் ஹவுசிங் ஆக்ட் பொருந்தும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2015-இல் 1,40,000 டாலர் தர ஒப்புக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகம் வழக்கை முடித்துக்கொண்டது. முதுகலைப் படிப்புக்கு வந்து வளாகத்திலேயே தங்கியிருக்கும் மாணவர், விடுதி அலுவலகத்தோடு நிற்காமல், பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் சேவைப் பிரிவில் விண்ணப்பிப்பது நல்லது.

கடிதம்: யாரிடம், எப்படி

இந்த வழிமுறையில் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மனநல மருத்துவர், உளவியலாளர், உரிமம் பெற்ற மனநலச் சமூகப் பணியாளர், குடும்ப மருத்துவர், நர்ஸ் பிராக்டிஷனர் (சிகிச்சை அளிக்க உரிமம் பெற்ற உயர்நிலைச் செவிலியர்) ஆகியோரில் உங்களை உண்மையாகவே அறிந்த ஒருவர் இதை எழுதலாம். மாதக்கணக்கில் உங்களைப் பார்த்துவரும் சிகிச்சையாளரின் நான்கு வரி, உங்களைப் பார்த்தே இராதவர் அச்சடித்துத் தரும் நான்கு பக்கத்தைவிட வலுவானது. காணொளி வழியாகச் சிகிச்சை பெறுவது குற்றமல்ல. தொலைவிலிருந்து சிகிச்சை தரும் உரிமம் பெற்றவரும் எழுதலாம். கேள்வித்தாளை நிரப்பி, கட்டணம் செலுத்தி, பத்து நிமிடத்தில் பதிவிறக்கம் செய்யும் கடிதம்தான் சிக்கலைக் கொண்டுவருகிறது. அரசு நடத்தும் தேசியப் பதிவேடு எதுவும் கிடையாது. இருப்பதாகச் சொல்லும் தளம் உங்களிடம் பொய் சொல்கிறது.

மாநில விதிகளையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல், உணர்வுத் துணை நாய்க்காகக் கடிதம் தருபவர், அதற்கு முன் குறைந்தது 30 நாள் உங்களுடன் சிகிச்சை உறவில் இருந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த வாரம் வீடு மாறப்போகிறோம் என்ற நிலையில் அங்கே புதிய மருத்துவரைத் தேடுவது பயன் தராது. ஃப்ளோரிடாவில் இத்தகைய தேவை இருப்பதாகப் பொய்யான ஆவணம் தருவது 2020 முதல் தண்டனைக்குரிய குற்றம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பல ஆண்டுகள் உங்களைக் கவனித்த மருத்துவரின் குறிப்புகள் இங்குள்ள மருத்துவருக்குப் பின்னணியாகப் பெரிதும் உதவும். ஆனால் கடிதம் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் உரிமம் பெற்றவரின் கையொப்பத்தோடு இருப்பதே பாதுகாப்பு.

கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. மனநலச் சிகிச்சைக்குப் போவதையே உறவினரிடம் மறைக்க வேண்டியிருக்கும் நம் குடும்பச் சூழலில், பலரைத் தடுத்து நிறுத்துவது இந்த அச்சம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நோயின் பெயர், மருந்துப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்புகள் எதையும் கேட்க வீட்டு உரிமையாளருக்கு உரிமையில்லை, இந்த நடைமுறையில் எந்தத் தாளும் உங்கள் அலுவலகத்துக்குப் போவதும் இல்லை. தேவையான உள்ளடக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான்:

"இவர் என் சிகிச்சையில் இருப்பவர். முக்கியமான வாழ்க்கைச் செயல்களில் ஒன்றையோ பலவற்றையோ கணிசமாகக் கட்டுப்படுத்தும் குறைபாடு இவருக்கு உள்ளது. இவருடன் வசிக்கும் பூனை, அந்தக் குறைபாட்டின் அறிகுறிகளைத் தணிக்க உதவுகிறது. தன் வீட்டைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த இவருக்கு அது தேவை."

இதனுடன் மருத்துவமனையின் முகப்புத் தாள், தேதி, எழுதியவரின் உரிம வகை, உரிம எண், மாநிலம், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். குறைபாட்டுக்கும் விலங்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் அந்த மூன்றாவது வாக்கியம் விடுபட்டுப்போவதுதான் பல கடிதங்களின் பலவீனம். "நாய் இருந்தால் இவருக்கு மகிழ்ச்சி" என்று எழுதித் தந்தால், பணிவாகத் திருத்தித் தரச் சொல்லுங்கள். இரண்டு விலங்குகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பது தனித்தனியே வரவேண்டும்.

வேண்டுகோளை அனுப்புதல்

வாய்மொழியாகக் கேட்டாலும் சட்டப்படி அது வேண்டுகோள்தான். ஆனால் பின்னால் தகராறு வந்தால் நிரூபிக்க முடியாது. லீஸில் கையெழுத்திடும் முன்போ பின்போ, குடியேறிய பிறகோ கேட்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, விலங்கை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் அனுப்புவது என் பார்வையில் மிகச் சிறந்த தருணம். ஒளித்து வைத்து, பக்கத்து வீட்டார் குரைப்பைக் கேட்டுப் புகார் செய்த பிறகு கடிதம் தேடுவது சட்டப்படி முற்றாக அடைபட்ட வழி அல்ல என்றாலும், உங்கள் சொல்லை அவர்கள் நம்புவது கடினமாகிவிடும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். வீட்டு எண், பெயர். ஃபேர் ஹவுசிங் ஆக்ட்டின்கீழ் ரீசனபிள் அக்காமடேஷன் கோருகிறேன் என்ற வரி. எந்த விலங்கு, எந்த விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்பது. கடிதம் இணைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு. எழுத்தில் பதில் வேண்டும் என்ற வேண்டுதல். இவ்வளவு போதும். உங்கள் நோயின் கதையை இதில் எழுத வேண்டாம். சில அலுவலகங்கள் தங்களின் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும், நோட்டரி கையொப்பம் வேண்டும் என்று சொல்வதுண்டு. அவற்றைக் கட்டாயமாக்க முடியாது என்று கூட்டாட்சி வீட்டுவசதித் துறையின் 2020 ஜனவரி வழிகாட்டுதல் தெளிவாக எழுதியது. ஆவணம் கிடைத்த பின் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் வழிகாட்டுதல்கள் ஆட்சி மாறும்போது திரும்பப் பெறப்படுபவை; இதுவும் 2025-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அதை மேற்கோள் காட்டும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் வேண்டுகோளைச் சட்டத்தின் மீதே நிறுத்துங்கள்.

வேண்டுகோள் ஏற்கப்பட்டால், பெட் டெபாசிட், பெட் ரெண்ட், ஒருமுறைக் கட்டணம் என எதையும் வசூலிக்கக் கூடாது. இன, எடைக் கட்டுப்பாடுகளும் பொருந்தா. ஒப்புதல் மின்னஞ்சல் வந்த பிறகும், அடுத்த மாத வாடகைக் கணக்கில் "பெட் ரெண்ட்" என்ற வரி மென்பொருளால் தானாகவே சேர்ந்து வரக்கூடும். முதல் மாதமே அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து, இருந்தால் எழுத்தில் நீக்கச் சொல்லுங்கள். அதே நேரம், கம்பளத்தைக் கிழித்தாலோ கதவைச் சுரண்டினாலோ அந்தச் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. தடுப்பூசி, நகராட்சி உரிமம், கழிவை அள்ளுதல், இரவில் குரைக்காமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய கடமைகளிலிருந்தும் விலக்கில்லை. விலங்கின் நடத்தை மோசமாக இருந்தால் ஏற்கெனவே தந்த ஒப்புதலும் கேள்விக்குள்ளாகும்.

நீங்களே வீட்டு உரிமையாளராக இருந்தால்

வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர்கள் இன்று ஏராளம். அவர்களில் பலர் தாம் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அறியாமலேயே மறுத்துவிடுகிறார்கள். தரகர் மூலம் வாடகைக்கு விட்ட தனி வீட்டுக்கு மேலே சொன்ன விலக்கு இல்லை. "எங்கள் வீட்டில் பூஜை அறை இருக்கிறது", "அடுத்து நாங்களே குடிவரப் போகிறோம்", "என் மனைவிக்கு நாய் முடி ஆகாது" என்பவை வீட்டை வாடகைக்கு விட்ட பிறகு சட்டம் ஏற்கும் காரணங்கள் அல்ல. அந்தக் குறிப்பிட்ட விலங்கு பிறரின் பாதுகாப்புக்கு நேரடி அச்சுறுத்தல் என்பதற்கோ, பெரும் சேதம் விளைவிக்கும் என்பதற்கோ உண்மையான சான்று இருக்க வேண்டும். அது பிட்புல் இன நாய் என்பது மட்டும் சான்றாகாது. குரங்கு, பாம்பு, கோழி போன்றவற்றைக் கேட்பவர் மட்டும், ஏன் அந்த விலங்கேதான் வேண்டும் என்பதைக் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும். ஐயம் இருந்தால் மறுக்கும் முன் கேளுங்கள். கேட்டதையும் பதிலையும் எழுத்தில் வையுங்கள்.

மறுத்தால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் கடிதத்தில் ஒரு வரி குறைந்ததாலோ, மேனேஜருக்கு விதி தெரியாததாலோ வருபவை. திருத்திய கடிதமும் நிதானமான இரண்டாவது மின்னஞ்சலும் அவற்றைத் தீர்த்துவிடும். அதன் பிறகும் மறுத்தால், கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். இணையத்திலேயே படிவம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் குடியியல் உரிமைகள் துறை, நியூயார்க்கின் மனித உரிமைகள் பிரிவு போன்ற மாநில அமைப்புகளிடமும் போகலாம். நேரடியாக நீதிமன்றம் செல்வதற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. புகார் செய்ததற்காக லீஸைப் புதுப்பிக்க மறுப்பதும் மிரட்டுவதும் தனியாகவே சட்டமீறல். அப்படி நடந்தால் அந்தத் தேதிகளையும் குறித்து, அதே புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.

புகார் நடந்துகொண்டிருக்கும் காலத்தில் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், விலங்கைப் பற்றிய வழக்கு வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு முறையான காரணமும் கிடைத்துவிடும். சர்ச்சைக்குரிய கட்டணத்தைக்கூட, "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று எழுதிச் செலுத்திவிட்டு, பின்னர் திரும்பக் கேட்பதே பாதுகாப்பான வழி.