நிலாவெளி வீதிப் போர்ச் சேமக்காலையில் பதக்கம் பெற்ற விமானியின் கல்லறையைக் கண்டறிவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் வீரச்செயலுக்காகப் பதக்கம் பெற்ற குண்டுவீச்சு விமானி ஒருவரின் கல்லறையைத் தேடி வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வரும்போது, திருகோணமலையில் அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் ஆட்டோச் சாரதியிடமோ விடுதிக்காரரிடமோ பாடசாலை ஆசிரியரிடமோதான் வந்து சேருகிறது. இடத்தைக் காட்டுவது எளிது. கல்லில் உள்ளதைச் சரியாக வாசித்து, அந்தப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்பதை ஆதாரத்தோடு சொல்வதற்குத்தான் முன்னேற்பாடு வேண்டும்.

முதல் வேலையை வீட்டிலிருந்தே செய்ய வேண்டும். போர்க்காலத்தில் இலங்கையில் இறந்த படையினர் எல்லோரும் இங்கு அடக்கம் செய்யப்படவில்லை. கண்டியிலுள்ள போர்ச் சேமக்காலையிலும் கொழும்பு லிவரமெந்து சேமக்காலையிலும் பலர் இருக்கிறார்கள். 1917இல் தொடங்கப்பட்ட பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால், எந்தச் சேமக்காலை, எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல்லறை என்ற விபரங்கள் கிடைக்கும். இவற்றோடு படையணி எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னர் தேவைப்படும்.

தேடலில் சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்று விடை வந்தால், அவருக்கு அறியப்பட்ட கல்லறை எதுவும் இல்லை என்று பொருள். கடலில் விழுந்த விமானங்களில் இருந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள அந்த நினைவுச்சின்னத்தின் சுவர்களில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், கொழும்பிலிருந்து புறப்பட்டு யப்பானியக் கப்பற்படையைத் தாக்கச் சென்ற பிரித்தானிய வான்படையின் 11ஆம் படையணியைச் சேர்ந்த ஒன்பது புளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் ஐந்து அழிந்தன. அப்படிப்பட்ட ஒருவரின் உறவினரை வெயிலில் வரிசை வரிசையாக நடக்கவிட்டு ஏமாற்றுவதைவிட, முன்கூட்டியே சொல்லிவிடுவதே மரியாதை.

சேமக்காலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளிப் பக்கமாக நிலாவெளி வீதியில் உள்ளது. நிலாவெளி பஸ்ஸிலும் போகலாம், ஆட்டோவிலும் போகலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுவது நல்லது. அந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழுவதால் எழுத்துகளின் குழிவில் நிழல் தங்கும். உச்சிவெயிலில் வாசிக்க முடியாத வரிகூட அப்போது தெளிவாகத் தெரியும்.

கல்லை மேலிருந்து கீழாக வாசியுங்கள். உச்சியில் படையின் சின்னம் இருக்கும். அதன் கீழே பதவி, பெயர், பணி, படை, இறந்த நாள், வயது ஆகியவை வரும். அடியில் குடும்பத்தார் தேர்ந்த ஒரு வாசகம் இருக்கலாம். பலரும் தடுமாறுவது பதவியில்தான். 'பைலட் ஒபிசர்' என்பது வான்படை அதிகாரிகளின் தொடக்கநிலைப் பதவி மட்டுமே. அந்தப் பதவியில் இருந்தவர் திசைகாட்டுநராகவோ துப்பாக்கி இயக்குபவராகவோ இருந்திருக்கலாம். விமானத்தை ஓட்டியவரா என்பதைப் பெயரின் கீழுள்ள பணிச்சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அவர் ஓட்டியது குண்டுவீச்சு விமானமா என்பதைக் கல் சொல்லாது; அதற்குத்தான் படையணி எண். உதாரணமாக, 160ஆம் படையணி என்றால் லிபரேற்றர் குண்டுவீச்சு விமானங்கள். மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்க் கடல் வரை பறந்து கண்ணிவெடிகளை இட்டு வந்த படையணி அது. பக்கத்துக் கற்களிலும் அதே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர்கள் ஒரே விமானத்தில் சென்றவர்களாக இருக்க வாய்ப்புண்டு.

இனிப் பதக்கம். பதவி எதுவாயினும் எல்லோருக்கும் ஒரே அளவான கல் என்பது ஆணைக்குழுவின் கொள்கை என்பதால், வீரப்பதக்கம் பெற்றவரின் கல்லும் தனித்துத் தெரியாது. பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப்பதக்கங்களான விக்டோரியா சிலுவை, ஜோர்ஜ் சிலுவை ஆகியவற்றில் ஒன்றைப் பெற்றவருக்கு மட்டும் அந்தச் சிலுவையின் வடிவமே கல்லில் செதுக்கப்படும். மற்றப் பதக்கங்களுக்குப் பெயரை அடுத்து வரும் சில எழுத்துகள்தான் அடையாளம். 'டி.எப்.சி.' என்பது 1918இல் உருவாக்கப்பட்ட, அதிகாரிகளுக்குரிய பறத்தல் வீரச்சிலுவை; சார்ஜன்ட் முதலிய பதவியினருக்கு வழங்கப்பட்டது 'டி.எப்.எம்.' என்ற பறத்தல் வீரப்பதக்கம். 'அண்ட் பார்' என்றும் இருந்தால், அதே பதக்கம் இரண்டாவது முறையும் கிடைத்தது.

இங்கேதான் வழிகாட்டுவோர் கதைகட்டிவிடுகிறார்கள். தீப்பிடித்த விமானத்தை ஓட்டி உயிர்விட்டதற்காகப் பதக்கம் கொடுத்தார்கள் என்று சொன்னால் கேட்பவருக்கு உருக்கமாக இருக்கும். ஆனால் அந்தப் போரில் டி.எப்.சி. இறந்தவர்களுக்கு வழங்கப்படவில்லை. இறந்தபின் வழங்கக்கூடியவை விக்டோரியா சிலுவை, ஜோர்ஜ் சிலுவை போன்ற மிகச் சிலவே. ஆகவே, கல்லில் டி.எப்.சி. இருந்தால், பதக்கத்துக்குரிய செயலைச் செய்துவிட்டு அவர் உயிரோடு திரும்பியிருக்கிறார். உயிரைப் பறித்தது வேறொரு பறப்பாகவோ, வெறும் காய்ச்சலாகவோகூட இருக்கலாம். இறப்பதற்கு முன் பரிந்துரைக்கப்பட்டு, அறிவிப்பு மட்டும் பின்னர் வெளியானதும் உண்டு.

அந்தச் செயல் என்ன என்பதை அறிய, பதக்க அறிவிப்புகள் வெளியாகும் பிரித்தானிய அரச இதழான லண்டன் கசெற்றின் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சில அறிவிப்புகளில் செயலின் விபரம் ஒரு பந்தியாக இருக்கும். போரின் பிற்பகுதியில் வந்த பலவற்றில் பெயர்ப்பட்டியல் மட்டுமே. அப்போது பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏ.ஐ.ஆர். 27' என்ற வரிசையிலுள்ள படையணி நாட்குறிப்புகளைப் பார்க்க வேண்டும். எந்த நாள் யார் யார் பறந்தார்கள், எங்கே போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். கசெற் பக்கத்தின் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கல்லின் முன்னே வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகச் சொல்லும் எந்தக் கதையையும்விட உறவினர்களுக்குப் பெறுமதியானது.

பூக்களைத் தரையில் வையுங்கள். மெழுகுதிரி ஏற்ற விரும்பினால், மெழுகு கல்லில் ஒழுகாதபடி தள்ளி ஏற்றுங்கள். எழுத்தைத் தெளிவாக்கவென்று சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ பூசக் கூடாது. வெயிலைக் கண்ணாடியால் பக்கவாட்டிலிருந்து கல்லின்மீது திருப்பினாலே போதும். கல் உடைந்தோ எழுத்துத் தேய்ந்தோ இருந்தால் அதைத் தொடாமல் படம் எடுத்து, பகுதி, வரிசை, கல்லறை எண்களோடு ஆணைக்குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.