தோட்டத்தில் ஒரு காற்றுச் சுவர்: நாமே கட்டுவது எப்படி

காற்றில் அசைகிற பொதுக் கலை என்றதும் கடற்கரை நகரங்கள்தான் ஞாபகம் வரும். நியூசிலாந்தின் வெலிங்டனில் சிற்பி பில் பிரைஸ் 2003இல் நிறுத்திய 26 மீற்றர் உயர ஊசிச் சிற்பம் காற்றுக்குச் சாய்ந்து ஆடும். அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மன் வலையில் சிற்பம் செய்யத் தொடங்கியதே மாமல்லபுரத்து மீனவர்களின் வலைகளைப் பார்த்துத்தான். சரி, நம் இலங்கை மலையகத்தில் அப்புத்தளையிலும் அம்பேவலையிலும் அடிக்கிற காற்றுக்கு என்ன குறை?

ஆனால் கடற்காற்று ஓரளவு சீராக வரும். நம்முடையது பள்ளத்திலிருந்து குப்பென்று ஏறி, திசை மாறி, மழையோடும் பனிமூட்டத்தோடும் அடிக்கும். அதனால் சுழலும் பெரிய விசிறி வேண்டாம், சின்னச் சின்னத் தகடுகள் தொங்குகிற சுவர்தான் நமக்குச் சரி. பிரிஸ்பேன் விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தின் முகப்பில் கலைஞர் நெட் கான் செய்திருப்பதும் இந்த முறையில்தான்.

முதலில் இடம். உரச்சாக்கை நாடாவாகக் கிழித்து நாலைந்து கம்புகளில் கட்டி, இரண்டு வாரம் காலை, மதியம், மாலை பாருங்கள். நாடா நேராக நீண்டு பறந்தால் நல்ல இடம், சுற்றிச் சுற்றி முறுக்கினால் கட்டடமோ மரமோ காற்றைக் குழப்புகிறது. மலை உச்சி வேண்டாம், வெலிங்டன் ஊசியிலேயே 2014இல் மின்னல் விழுந்தது. மண்மேட்டு விளிம்பில் குழி தோண்டாதீர்கள், மின்கம்பி பக்கமும் போகாதீர்கள். லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒட்டியும் வேண்டாம், இராத்திரிச் சலசலப்பில் கைக்குழந்தைகள் தூங்காது. பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு) போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் கடக்கிற வழியாக இருந்தால் ரொம்ப நல்லது, அவர்களுக்காகத்தானே செய்கிறோம். தோட்டத் தொழிற்சங்கத் தலைவரிடம் பேசி, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தகடுகளைத் தாங்குகிற சட்டம் 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரம் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் பலகையை ஏறக்குறைய 30 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். தகடுகள் மேலே எழும்பிக் காற்றை விட்டுவிடும் என்றாலும் கணக்கை முழுப் பலகைக்கே போடுங்கள். இரண்டு அங்குல ஜீஐ பைப் இரண்டு, இரண்டரை அடி ஆழக் கொங்கிரீட், முன்னும் பின்னும் முட்டுக் கம்பி.

தகட்டுக்கு, அச்சகங்களில் பாவித்துக் கழித்த அலுமினியத் தகட்டைக் கேளுங்கள். மெல்லியது, துருப்பிடிக்காது, ஒரு பக்கம் பளபளக்கும். 10க்கு 12 சென்ரிமீற்றராக வெட்டி, மூலைகளை உருட்டி, விளிம்புகளை அரம் வைத்து ராவுங்கள். பிள்ளைகள் கட்டாயம் தொட்டுப் பார்ப்பார்கள். மேல் விளிம்பை ஆறு அங்குல ஆணியில் சுற்றி மடக்கினால் குழாய் மாதிரி வரும். அதற்குள் உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்டிக் உறைக் கம்பியைக் கோத்துவிடுங்கள், வெறும் இரும்புக் கம்பி ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். இடையிடையே சின்னப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்டால் தகடுகள் ஒன்றையொன்று உரசாது. வாயால் ஊதிப் பாருங்கள், அசையவில்லை என்றால் மடிப்பு இறுக்கம், ஆணியை உள்ளே நுழைத்து இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

தகடு கோத்த கம்பிகளை இரண்டு பைப்புக்கும் குறுக்கே, இடையில் 12 சென்ரிமீற்றர் விட்டு நன்றாக இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்தால் தகடெல்லாம் நடுவில் குவிந்துவிடும். அப்புறம் ஐம்பது தகடு கூடுதலாக வெட்டி வையுங்கள், ஜூன், ஜூலைக் காற்றில் சிலது கழன்று போகும்.